கின்ஜோ தொட்டியை வெட்டிய தோராகிச்சி

தோராகிச்சி முதன்முதலாக இன்னொருவன் பல்லை உடைத்தபோது அவனுக்கே பால்பல் முழுதாக விழுந்து முடிந்திருக்கவில்லை. உடைபட்டவன் ஊர்த்தலைவர் வீட்டுப் பையன். எங்கள் நான்பு சீமையில் குதிரையும் மனிதரும் ஒரே கூரைக்குக் கீழேதான் குடியிருப்போம். அப்படி இவன் வீட்டிலிருந்த குதிரையை அவன் கல்லால் அடித்தான், இவன் அவனை அடித்தான், அவ்வளவுதான். ஊர்த்தலைவர் இவனைப் பனியில் மண்டியிடவைத்து மூங்கில் கழியால் விளாசினார். இவன் அழவில்லை. எழுந்து வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பையனின் தம்பியையும் ஒரு சாத்து சாத்திவிட்டுத்தான் போனான்.

நான் ஒன்றும் கட்டிச் சொல்லவில்லை. நான் அவனுடைய அண்ணன் பெண்டாட்டி, பெயர் தோமே. அண்ணன்காரன் மஞ்சூரியாவுக்குச் சிப்பாயாகப் போய்ச் சாம்பலாகத் திரும்பி வந்தான். அந்தச் செய்தியைச் சொல்லவந்த போலீஸ்காரர் பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னார் என்று தோராகிச்சி அவரை அலாக்காகத் தூக்கி வாய்க்காலில் போட்டான். அதற்காக அவனைக் கொண்டுபோய் உள்ளே வைத்து நொறுக்கி அனுப்பினார்கள். நல்ல காரியம்தான் செய்தான் என்று இன்றைக்கும் சொல்வேன், எவன் வந்து கேட்டாலும் சொல்வேன்.

தோரா என்றால் புலி. பெயரிலேயே புலியை வைத்திருந்தால் வேறு எப்படி இருப்பான்! கல்யாணம் ஆனால் அடங்குவான் என்றார்கள், அடங்கவில்லை. குழந்தை பிறந்தால் அடங்குவான் என்றார்கள். கினு பிறந்தாள். அவளை முதுகில் கட்டிக்கொண்டு குதிரைச் சந்தைக்குப் போனவன், கிழட்டுக் குதிரையைக் குட்டி என்று சொல்லி ஏமாற்றப் பார்த்த தரகனின் காதைக் கடித்துத் துப்பிவிட்டு வந்தான். முதுகிலிருந்த குழந்தை கைகொட்டிச் சிரித்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவான், பாவி. அந்தப் பெண்ணிடம் மட்டும் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அறுப்பு முடிந்ததும் எங்கள் பக்கத்து ஆண்கள் அரிசியில் சாகே என்கிற மது போடுகிற ஆலைகளுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பனி உருகும்போதுதான் திரும்புவார்கள். தோராகிச்சியும் போனான், ஆலை ஆலையாகப் போனான். ஓர் ஆலையில் கரண்டியால் ஒருவன் தாடையைப் பெயர்த்தான். இன்னோர் ஆலையில் யசோஹாச்சி என்பவனுடைய முன்பல்லைக் கழற்றினான். பிறகு எந்த ஆலையும் அவனை வாசலில்கூட நிறுத்தவில்லை. அவனும் கவலைப்படவில்லை. வயல் இருந்தது, குதிரை இருந்தது.

ஷோவா ஆட்சியின் ஒன்பதாம் வருடம் கோடையில் வெயிலே வரவில்லை. நடவு முடிந்தும் பஞ்சு வைத்த சட்டையைக் கழற்ற முடியாமல் நடுங்கினோம். அறுப்புக்காலத்தில் கதிர் தலைகுனியவே இல்லை, எல்லாம் பதர். குதிரையை விற்றுத் தின்றோம். அப்புறம் ஓக் கொட்டையை இடித்தோம், பெரணி வேரைத் தோண்டினோம், மரப்பட்டையை வேகவைத்தோம். தோராகிச்சியின் பெண்டாட்டிக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை அழக்கூடச் சத்தில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தது.

அப்போதுதான் பட்டணத்துக்குப் பெண்பிள்ளைகளைப் பிடித்துக்கொடுக்கிற குரிமோதோ வந்தான். கம்பளித் தொப்பி, பை நிறைய மிட்டாய். பதின்மூன்று வயதுக் கினுவை மேலும் கீழும் பார்த்தான்.

"பட்டணத்துல நூல் மில்லு இருக்கு. மூணு வேளையும் வெள்ளைச் சோறு. குடுத்துவெச்ச பொண்ணு," என்றான்.

நூல் மில் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? போன வருடம் மேலத்தெருவிலிருந்து போனவள் எந்த மாதிரி வீட்டில் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். தோராகிச்சி குரிமோதோவின் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வயல் சேற்றில் தலைகீழாகச் சொருகினான். குரிமோதோ சேற்றைத் துப்பிக்கொண்டே எழுந்து தொப்பியைத் தேடி எடுத்தான்.

"அடி, நல்லா அடி! அடிச்சா வயிறு நெறைஞ்சிடுமா? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நீங்களாவே கூப்பிடுவீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் தோராகிச்சியின் பெண்டாட்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க எங்கயாவது போயி வேலை பாத்து அரிசியோட வாங்க. வெறுங்கையோட வந்தீங்கன்னா நான் இவளை அனுப்பிடுவேன். போற எடத்துல சோறாவது திம்பா."

தோராகிச்சிக்கு அடிப்பதற்கு அங்கே ஆள் இல்லை. சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மதினி, ஹதகேயாமா பெரியவர்கிட்ட எனக்காகக் கேப்பியா?" என்றான். அவன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஹதகேயாமா பக்கத்து ஊர்க்காரர், மியாகி பக்கத்து ஆலை ஒன்றில் தோஜி. தோஜி என்றால் சாகே போடுகிறவர்களுக்குத் தலைவர், ஆலையில் அவர் வைத்ததுதான் சட்டம். முதலாளிகூடத் தொட்டி அறைக்குள் கால்வைக்க அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். எறும்பை மிதிக்கவும் யோசிக்கிற மனிதர், உரக்கப் பேசியும் கேட்டதில்லை. நாங்கள் இரண்டு பேரும் போய் அவர் வாசலில் நெற்றி தரையில் படக் குனிந்தோம்.

"தோரா, உன் கை எனக்கு வேணும். உன் கோவம் வேணாம்," என்றார். "ஆலைக்குள்ள ஒரே ஒரு தடவை மனுஷன் மேல கை ஓங்கினா, அந்த நிமிஷமே ஊருக்கு நடையக் கட்டணும். கூலின்னு ஒரு பிடி அரிசிகூடக் கெடைக்காது. சம்மதமா?"

"சம்மதம் பெரியவரே."

"தோமே, நீயும் கெளம்பு. சமையலுக்கு ஆள் வேணும். இவனுக்கும் ஒரு மூக்கணாங்கயிறு வேணும்."

இப்படித்தான் நான் ஆலைக்குப் போனேன். ஆலை என்றால் அதன் வாசல் வரைக்கும்தான். பெண்பிள்ளை உள்ளே காலெடுத்து வைத்தால் தொட்டி புளித்துவிடும் என்பார்கள். என் சமையல்கட்டு வாசலை ஒட்டியே இருந்தது. அடுப்பு எரிக்கிற விறகை அங்கேதான் பிளப்போம். நான் சமைத்ததைத் தின்றுவிட்டுப் பெரிய துடுப்பால் தொட்டிக்குத் தொட்டி கிண்டுவார்கள். என் சோற்றால் புளிக்காதது என் காலால் புளிக்குமாம். போகட்டும்.

வாசலில் நின்று உள்ளே பார்த்தால் யசோஹாச்சி! முன்பல் இருந்த இடத்தில் ஓட்டையோடு நிற்கிறான். இந்த ஆலையில் அவன்தான் தோஜிக்கு அடுத்தவன். வெந்த அரிசியில் பூஞ்சை படரவிடுகிற சூடான அறை அவன் பொறுப்பு. கெட்டிக்காரன்தான், அதை மறைக்கமாட்டேன். மூக்கு அவனுக்கு நாய் மூக்கு. தோராகிச்சியைப் பார்த்ததும் ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தான். தோஜி போட்ட நிபந்தனை அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. கட்டிப்போட்ட நாய்மேல் கல்லெறிகிறவனுக்கு என்ன பயம்?

வந்த அன்றே கொதிக்கிற வெந்நீரைத் தோராகிச்சியின் பாதத்தில் சாய்த்துவிட்டு, "ஐயையோ, கை தவறிடுச்சு," என்றான். இன்னொரு நாள் படுக்கையில் பனியை வாரிப் போட்டான். ஏணியில் அரிசிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது காலை வாரிவிட்டான். தோராகிச்சி கூடையோடு விழுந்து நெற்றி பிளந்து என்னிடம் வந்தான். ரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"அவனைக் கொன்னுடுவேன் மதினி."

"கொல்லு. கொன்னுட்டு நேரா போயி கினுவை வண்டியேத்தி விட்டுட்டு வா," என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அவன் போய் விறகுக் கட்டைகளை முஷ்டியால் குத்தினான். கட்டை உடைந்தது, விரல் தோலும் உரிந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்தக் கின்ஜோ, சாகேயிலேயே உசத்தி. ஊர் குடிக்கிற சாகே பெரிய பெரிய தொட்டிகளில் கிடந்தது. கின்ஜோவுக்கு ஒரே ஒரு சின்னத் தொட்டி. சின்னது என்றாலும் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், பலகைகளை நிறுத்தி மூங்கில் கட்டால் இறுக்கிய மரத்தொட்டி. நல்ல அரிசியிலும் நல்ல அரிசியாகப் பொறுக்கி, எந்திரக் கல்லில் நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, மேலே இருப்பதையெல்லாம் மாவாக உதிர்த்துவிட்டு, நடுவிலுள்ள வெள்ளைப் பொட்டை மட்டும் மிச்சம் வைப்பார்கள். பாதி அரிசி மாவாகவே போய்விடும். மிச்சமிருப்பது பாசிமணி மாதிரி உருண்டு கிடக்கும். அதைச் சின்னச் சின்னக் கூடையில் ஐஸ் தண்ணீரில் அலசுவார்கள். ஊறவைக்கும்போது ஹதகேயாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு மூச்சு அதிகமானாலும் அரிசி குழைந்துவிடும். பிறகு குளிரில் போட்டு, அரைப்பட்டினி போட்டு, அவசரப்படாமல் நொதிக்கவிடுவார்கள். அப்படி வதைத்தால்தான் அதற்கு அந்த வாசனை வரும். ஒரு பழம்கூடப் போடாமல் ஆப்பிள் வாசனை, பேரிக்காய் வாசனை. வாசலில் நிற்கிற எனக்கே எப்போதாவது காற்றில் வரும். வந்தால் கையிலிருக்கிற வேலை நின்றுவிடும்.

மத்தியானச் சாப்பாட்டின்போது தோராகிச்சி கேட்டான்: "அந்த மாவையெல்லாம் என்ன பண்றீங்க?"

"பசை காய்ச்சறவன் வண்டியோட வந்து அள்ளிட்டுப் போவான்," என்றான் யசோஹாச்சி. "ஏன், உனக்குப் பசிக்குதா?"

"சரி, அந்தச் சாகேயை யாரு குடிப்பா?"

"உன்ன மாதிரி ஆளா குடிப்பான்? அது விக்கறதுக்கே இல்லடா. வசந்தத்துல போட்டி நடக்கும். பெரிய பெரிய ஆளுங்க வரிசையா உக்காந்து வாயில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவாங்க."

"துப்பிடுவாங்களா?"

"பின்னே? அத்தனை சாகேயையும் முழுங்கினா எந்திரிச்சு நிக்க முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தோராகிச்சி கிண்ணத்தைத் தரையில் அறைந்தான். "எங்க ஊர்ல புள்ளைங்க மரப்பட்டை திங்குதுடா! நீங்க பாதி அரிசியைப் பசைக்காரனுக்கு வாரிக் குடுத்துட்டு, மிச்சத்தைத் துப்பறதுக்கு ஊறப்போடறீங்களா? அந்தத் தொட்டிய ஒருநாள் கோடாலியால நான் பொளக்கலேன்னா என் பேரு தோராகிச்சி இல்ல!"

சிரிப்பு நின்றுவிட்டது. ஹதகேயாமா தலைநிமிராமல், "தோரா, சோத்தைத் தின்னு," என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. தோஜியாக இருந்த காலமெல்லாம் ஒரு தடவையாவது போட்டியில் முதலாக வரவேண்டும் என்று ஏங்கிய மனிதர். அந்த வருடத் தொட்டி இதுவரை போட்டதிலேயே சிறந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

யசோஹாச்சி விடுவானா? குனிந்து, எல்லாருக்கும் கேட்கிறாற்போல், "உன் பொண்ணு நூல் மில்லுக்குப் போறாளாமே. எந்த மில்லுன்னு சொல்லு, வசந்தத்துல நானும் நூல் வாங்க வரேன்," என்றான்.

தோராகிச்சி எழுந்தான். அவன் கை தூக்கியதையும் பார்த்தேன். அந்தக் கையை அவன் தன் வாய்க்கே கொண்டுபோய்ப் பற்களால் கடித்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் உறைந்திருந்தது. அந்த யசோஹாச்சியின் சூப்பில் அன்று நான் துப்பினேன். துப்பத்தானே பிடிக்கும் அவர்களுக்கு!

தொட்டியில் பொங்கியிருந்த நுரை ஒருநாள் அடங்கியது. நுரை அடங்கினால் விளிம்புக்கும் நொதிக்கிற அரிசிக்கூழுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். வாசனை உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ஆளைக் கொல்கிற வாயுவும் அப்போதுதான் அங்கே தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. முதலில் எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கவேண்டும். விளக்கு அணைந்தால் யாரும் தலையை நீட்டக்கூடாது. ஆலைக்கு வந்த முதல்நாளே எவனுக்கும் சொல்லிக்கொடுப்பது இது. ஆனால் யசோஹாச்சிக்குத் தன் மூக்கின் மேல் அப்படி ஒரு கர்வம். தினமும் ஏணியில் ஏறி, விளக்கும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், மூச்சை அடக்கிக் குனிந்து, நுனி மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இன்னைக்குப் பேரிக்கா," என்பான். கின்ஜோ போடுகிறவன் சாவது அந்த ஒரு இழுப்பு கொஞ்சம் நீண்டால்தான்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்திருந்தார்கள். நான் விறகுக்கட்டையின் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஆலை வாசலிலிருந்து தோராகிச்சி நாலுகாலில் தவழ்ந்து வந்தான். முகம் ஊதாவாக இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தமே வரவில்லை.

"என்னடா? தோரா! என்ன ஆச்சு உனக்கு?"

அவன் என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டையில் குத்தியிருந்த கோடாலியைப் பிடுங்கினான். தள்ளாடிக்கொண்டே உள்ளே போனான். யாராயிருந்தாலும் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

"பெரியவரே! ஓடியாங்க! தோரா கோடாலி எடுத்துட்டான்!"

எழுந்து ஓடிவந்தார்கள். நான் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். தோராகிச்சி கின்ஜோ தொட்டியின் மூங்கில் கட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு கட்டு ஏற்கெனவே அறுந்து பாம்பு மாதிரி துள்ளிக் கிடந்தது. முதலில் பாய்ந்தவனைத் தோளால் இடித்துச் சுவரில் மோதினான். இரண்டு பேர் முதுகில் ஏறித் தொங்கினார்கள், அவர்களைச் சுமந்துகொண்டே வெட்டினான். ஒருவன் வாளியால் தலையில் அடித்தான். ரத்தம் கண்ணை மறைத்தது. ஒருவன் வயிற்றில் உதைத்தான், ஒருவன் தலைமயிரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அவன் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. கோடாலியை மட்டும் விடவில்லை.

ஹதகேயாமா வந்தார். தன் தொட்டியைப் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த கிண்டுகிற துடுப்பை, தேக்குபோல் கனத்த அந்தத் துடுப்பை, இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கினார். எறும்பை மிதிக்காத மனிதர்! முழு பலத்தையும் கொண்டு தோராகிச்சியின் வலது கையில் இறக்கினார். எலும்பு நொறுங்கிய சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. கோடாலி விழுந்தது. மறுபடியும் ஓங்கி, விழுந்த கையின் மேலேயே இன்னொரு முறை இறக்கினார்.

தோராகிச்சி இடது கையால் கோடாலியை எடுத்தான். கடைசிக் கட்டின் மேல் விழுந்தாற்போல வெட்டினான்.

தொட்டி வாயைப் பிளந்தது. பலகைகள் நாலாபக்கமும் சரிய, வெள்ளைக் கூழ் மொத்தமும் பாய்ந்து எல்லாரையும் காலை வாரிக் கவிழ்த்தது. அதோடு சேர்ந்து ஒரு மனிதன் உருண்டு வந்தான். யசோஹாச்சி.

ஹதகேயாமா துடுப்பை எறிந்துவிட்டு அவன் மேல் விழுந்தார். தலைகீழாகத் தூக்கினார்கள், முதுகில் அறைந்தார்கள், வாயில் விரலை விட்டுத் தோண்டினார்கள். நீலம்பாரித்துக் கிடந்தவன் குபுக்கென்று கூழைக் கக்கி, ஓர் ஊளை ஊளையிட்டு மூச்சை இழுத்தான். நான் எப்போது உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது. கின்ஜோ கூழில் உட்கார்ந்து தோராகிச்சியின் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தேன். அந்த இடம் பூராவும் ஆப்பிளும் பேரிக்காயும் மணந்தது. அவ்வளவு ரத்தத்துக்கு நடுவில் அவ்வளவு நல்ல வாசனை!

அவனுக்குக் குரல் வர நேரமாயிற்று. "இவன் உள்ள விழுந்துட்டான். தலைய விட்டு இழுத்துப் பாத்தேன்," என்றான். "எட்டல. தொண்டை அடைச்சிடுச்சு. குதிச்சிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்."

ஹதகேயாமா கூழில் மண்டியிட்டு அவன் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்தன.

முதலாளி வந்து குதித்தார். "போட்டித் தொட்டி! மொத்தமும் சாக்கடையில போச்சு! இந்த ரௌடிப் பயலுக்கு ஒரு மணி அரிசி குடுக்கமாட்டேன். இப்பவே வெளிய போகச் சொல்லு!"

எலும்பு வைக்கிறவர் வந்து கட்டுப்போட்டுவிட்டு, இந்தக் கை இனிமேல் ஏரும் பிடிக்காது, கூடையும் தூக்காது என்று சொல்லிவிட்டார். தோராகிச்சி மூட்டையைக் கட்டினான். யசோஹாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே நின்று என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதே," என்றான் தோராகிச்சி. "பேசினா இன்னொரு பல்லும் போயிடும். இடது கை நல்லாத்தான் இருக்கு."

யசோஹாச்சி திரும்பி நடந்தான். கிடங்குக்குள் போய், அந்தத் தொட்டிக்கென்று தேய்த்ததில் மிஞ்சியிருந்த கின்ஜோ அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டுவந்து எங்கள் சறுக்குவண்டியில் போட்டான். முதலாளி திருடன் திருடன் என்று கத்தினார். அதே சமயம் ஹதகேயாமா வாசலில் உட்கார்ந்து வைக்கோல் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் திகைத்துப்போனார்கள். பெற்ற தாய் செத்தாலும் தோஜி நடுக்காலத்தில் ஆலையை விட்டு வெளியே போகமாட்டார். தொட்டிகள் நொதிக்கும்போது போனவரை அப்புறம் எந்த ஆலையும் தோஜி என்று கூப்பிடாது.

"எங்க போறீங்க?" என்று முதலாளி அலறினார்.

"யசோஹாச்சி பாத்துக்குவான்," என்றார் ஹதகேயாமா. வண்டிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஊருக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. தோராகிச்சி கை உடைந்து வெறுங்கையோடு வருகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் பனியில் குரிமோதோ நின்றான், அதே கம்பளித் தொப்பியோடு. கினு ஒரு துணிமூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் அம்மா கைக்குழந்தையோடு உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

தோராகிச்சி அவனை நோக்கிப் போனான். குரிமோதோ கட்டுப்போட்ட கையைப் பார்த்துச் சிரித்தான், நகரவில்லை. "வாப்பா புலி. என்ன பண்ணுவ இப்போ?"

ஹதகேயாமா வண்டியை நடுவில் இழுத்து நிறுத்தினார். "இதுல அரிசி இருக்கு. பொண்ணு எங்கயும் போகல."

"ஒரு மூட்டை அரிசி! பனி உருகற வரைக்கும் வருமா பெரியவரே? அதுக்கப்புறம்? இவன் கையால மூக்கைக்கூடச் சிந்த முடியாது. யாரு சோறு போடுவா இதுங்களுக்கு?"

"நான் போடுவேன். அந்தக் கைய ஒடைச்சது நான். கினு என் வீட்ல என் பொண்ணா இருப்பா."

குரிமோதோ கண்ணைச் சுருக்கினான். "ஓகோ! அப்படிச் சொல்லுங்க. தோஜிக்கே வேணுமாக்கும். இந்த வயசுலயா?"

ஹதகேயாமா அடித்தார். அடி என்றா சொல்வது! கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு, கல்லெறிகிற சின்னப்பிள்ளை மாதிரி கையைச் சுழற்றினார். எப்படியோ அது குரிமோதோவின் மூக்கில் போய் இறங்கியது. மூக்கு உடைந்து ரத்தம் பனியில் தெறித்தது. இவர் கட்டைவிரலும் பிசகி, "ஆ!" என்று கையை உதறினார். குரிமோதோ எழுவதற்குள் உள்ளே சுவரைப் பார்த்திருந்தவள் குழந்தையைக் கீழே வைத்துவிட்டுப் பனிமண்வெட்டியோடு வந்தாள். அவள் அவன் இடுப்பில் அடித்தாள், நான் காலில் அடித்தேன், விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து மறுபடியும் அடித்தேன். சொல்லவே வெட்கமாக இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவன் தொப்பியை விட்டுவிட்டுத் தவழ்ந்து ஓடினான். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவன் நிழல்கூடப் படவில்லை.

தோராகிச்சி இத்தனையையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடிதடியில் அவன் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை. ஹதகேயாமாவின் பக்கத்தில் வந்தான்.

"பெரியவரே, கட்டைவிரலை உள்ள வெச்சுக் குத்தக்கூடாது. வெளிய வெக்கணும். இதோ, இப்படி..."

பழக்கத்தில் வலது கையைத்தான் நீட்டினான். கட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த விரல்களை மடக்கப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான். ஹதகேயாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றவர், அப்படியே பனியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோராகிச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

கினு துணிமூட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், தன் இரண்டு கையாலும் மடக்கினாள். கட்டைவிரலை வெளியே எடுத்து மேலே வைத்தாள். விரல்கள் பிரிந்துவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படியாப்பா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான்," என்றான் அவன்.